தொடர்பில் இல்லாத மூன்று பற்கள்

என்னோடு படித்தவன் ஒருவன் இம்பிளாண்ட் மாநாட்டுக்காக லிஸ்பன் போன அதே வாரத்தில் என்னைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். அவனும் கடற்கரைக்குத்தான் போகிறான், நானும் கடற்கரைக்குத்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் குடையை எடுத்து என் பையில் வைத்தாள்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நான் உதவிப் பேராசிரியர். சில வருடங்களுக்கு முன் எங்கள் துறை பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் முகாம் போட்டு, பல் போனவர்களைத் தேர்ந்தெடுத்து, வேனில் கூட்டிவந்து இலவசமாக இம்பிளாண்ட் வைத்தது. தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியத் திருகு, அதன் தலையில் ஒரு பல். அந்தப் பற்கள் எல்லாம் நன்றாக இருப்பதாக ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘மூன்று பேர் தொடர்பில் இல்லை என்கிறீர்கள். அவர்கள் எங்கே?’

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் நான் இணைப் பேராசிரியர். நேர்முகம் அடுத்த மாதம். துறைத்தலைவர் அந்தக் கேள்வி இருந்த தாளை மடித்து என்னிடம் கொடுத்து, “போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. மூணு பல்லு தானே” என்றார்.

இம்பிளாண்ட் கட்டுரைகள் எப்படிப் பெருகின என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இதே துறைத்தலைவருக்காக ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து தலைப்புகளை வகை பிரித்தவன் நான். முதலில் எல்லாரும் எலும்பைப் பற்றி எழுதினார்கள்; திருகு எலும்போடு ஒட்டுகிறதா, எத்தனை மாதத்தில் ஒட்டுகிறது என்று. அப்புறம் திருகின் மேல்பரப்பு: வழவழப்பு நல்லதா, சொரசொரப்பு நல்லதா. அப்புறம் டைட்டானியத்துக்குப் பதிலாக சிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கான். அப்புறம் கணினி வழிகாட்டும் அறுவை. இப்போது செயற்கை நுண்ணறிவு இல்லாமல் தலைப்பு வைத்தால் ஏதோ வேட்டி கட்டாமல் வெளியே வந்த மாதிரி கூச்சப்படுகிறார்கள். கட்டுரைகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வருகிறது, தொகுப்புகளைத் தொகுத்து இன்னொன்று வருகிறது. எழுதியவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நோயாளியைப் பின்தொடர்ந்த காலம் மட்டும் பல கட்டுரைகளில் குட்டையாகிக்கொண்டு வருகிறது. ஒரு திருகு பழசாவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடுவதால் பழையது என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டவர் இந்த ஒரு மதிப்பாய்வாளர்தான். அவர் எனக்கு வந்து வாய்த்தார்.

முதல் நாளே ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கிவிட்டேன். ரயிலில் ஒரு மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தேன். ‘போற்றுதலுக்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் அரிய ஆய்வைக் கண்டு வியந்தோம். எங்கள் கால்நடை மருத்துவச் சிறப்பிதழுக்கு உடனே ஒரு கட்டுரை அனுப்புக.’ இப்படி வாரத்துக்கு நாலு வரும். என் மனைவிகூட என்னைப் போற்றுதலுக்குரிய என்று சொன்னதில்லை என்பதால் முழுவதும் படித்துவிடுவேன். எல்லாரும் இறங்குகிறார்களே என்று நானும் இறங்கினேன். அது அனுப்பம்பட்டு. ரயில் போன பிறகு நடைமேடையில் நானும் ஓர் ஆடும் இருந்தோம்.

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பெயர் மஸ்தான். ஐம்பது வயது இருக்கும்.

“பழவேற்காடா? நீ பொன்னேரில இறங்கிருக்கணும் சார்.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினு இங்க ஏன் இறங்கின?”

ஏறி உட்கார்ந்தேன். மூன்று நாளும் அவரே கூட வருவதாக ஏற்பாடு. நான் பல் டாக்டர் என்று தெரிந்ததும் வண்டியை ஓரம்கட்டி, திரும்பி, வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அடித்தார். சொத்தை என்று சொன்னேன். “அது எனக்கே தெரியும். வேற இன்னா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை, பிடுங்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு முதல் ஊரான தோணிரேவு வரும்வரை மனுஷர் அந்தக் கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டே ஓட்டினார்.

தோணிரேவில் தேடவேண்டியவர் தேசப்பன். ஏரியில் வலை போடுகிறவர், அறுபதை நெருங்குகிறார், கீழ்த்தாடையில் பின்பக்கம் ஒரு இம்பிளாண்ட். வீடு உடனே கிடைத்தது. காணாமல் போனவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பல் டாக்டரா? வாங்க, உக்காருங்க. உங்களைத் தேடிகினே இருந்தோம்னு பொய்யெல்லாம் சொல்லமாட்டேன்” என்றார். அவர் மனைவி எனக்கும் ஒரு தட்டு வைத்தார். சுடுசோறு, நண்டுக் குழம்பு, வறுத்த மடவை. எங்கள் பல்லாவரத்தில் மீன் என்று விற்பதை நான் இனிமேல் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் வேலையைப் பேசக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

“மூணு தடவை செக்கப்புக்குக் கடிதம் போட்டோம். ஏன் வரலை?”

கடிதங்கள் மூன்றையும் காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருந்தார். எங்கள் துறையில்கூட அவற்றின் நகல் அவ்வளவு ஒழுங்காக இல்லை.

“மூணு தேதியும் என் பாட்டு நாள் சார்.”

“நீங்க பாடுவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கோயில் கச்சேரி, பஜனை என்று ஏதோ நினைத்தேன்.

அவர் மனைவி உள்ளே போய்ச் சிரித்தார். தேசப்பன் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊருக்குள் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவருடைய பாட்டு நாள் தவறினால் தவறியதுதான். மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், மழையானாலும் காய்ச்சலானாலும்.

“பாட்டை விட்டுட்டு உங்க கிட்ட வந்து பல்லைக் காட்டிகினு நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

படிவத்தில் ‘வராத காரணம்’ என்ற இடத்தில் நாங்கள் நாலு விடை கொடுத்திருந்தோம்: நோய், இடமாற்றம், பயம், விருப்பமின்மை. இந்த மனிதருக்கு நாங்கள் விருப்பமின்மை போட்டிருந்தோம். அதை அடித்துவிட்டுப் பாடு என்று எழுதினேன்.

கேள்விகள் ஆங்கிலப் படிவத்திலிருந்து எங்கள் துறையில் யாரோ தமிழாக்கியவை. ‘தாங்கள் மெல்லும்போது அசௌகரியம் உணர்கிறீர்களா?’ இல்லை. ‘தாங்கள் கடிக்கும்போது வலி உணர்கிறீர்களா?’ இல்லை. ‘தங்கள் புன்னகை குறித்துத் தங்கள் மனநிறைவைப் பத்துக்குள் குறிப்பிடவும்.’

“எந்தப் புன்னகை?” என்றார் தேசப்பன்.

“சிரிப்பு.”

“பின்னால கீற பல்லு சார் அது. யாரு பார்க்கப்போறாங்கோ?”

ஒன்பது என்று போட்டுக்கொண்டேன். பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வாயைத் திறக்கச் சொன்னேன். அதற்கு அவசியமே இல்லை என்பதுபோல அவர் தட்டிலிருந்த பெரிய நண்டுக் கொடுக்கை எடுத்து, அதே பல்லின் மேல் வைத்து, ஒரே அமுக்கில் உடைத்துக் காட்டினார். இம்பிளாண்ட் வைத்தவர்கள் செய்யக்கூடாதவை என்று நாங்கள் கொடுக்கும் பட்டியலில் அதுதான் முதல் வரி. பல் அசையவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், ஈறு நன்றாக இருந்தது. நிலைத்தது என்று குறித்தேன். ஒரு பல் முடிந்தது.

இரண்டாம் நாள் சரியான ஸ்டேஷனில் இறங்கினேன். மஸ்தான் அனுப்பம்பட்டில் காத்திருந்தார். நேற்று அங்கேதானே இறங்கினாய் என்று போனில் சண்டை பிடித்துவிட்டு வந்து ஏற்றிக்கொண்டார்.

சுண்ணாம்புக்குளம் ஆந்திர எல்லைக்குப் பக்கம். டீக்கடையில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடந்தது. சென்னையில் பாஷை தெரியாவிட்டால் குரலை உயர்த்துவார்கள். இங்கே பாஷையை மாற்றிப் பார்க்கிறார்கள். மிளகாய் பஜ்ஜி மட்டும் இரண்டு பாஷைக்கும் பொதுவான காரம். இரண்டு தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலில் இரண்டாவது ஆளான நாதமுனி வீட்டுக்கு வழி கேட்டேன்.

மகள் ராஜம்மா வெளியே வந்தார். “நைனா போயிட்டாரு சார். ரெண்டு வருஷம் ஆச்சு. மாரடைப்பு.”

வருத்தம் சொன்னேன். உண்மையாகவே வருத்தம்தான். ஆனால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எப்படிக் கேட்டாலும் அது அசிங்கமாகத்தான் இருக்கும் என்பதால் நேராகவே கேட்டேன்.

“பல் எப்படி இருந்துச்சும்மா?”

ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி நாளு முறுக்கு சாப்பிட்டாரு.”

எங்கள் துறையில் இதற்கு விதி இருக்கிறது. நோயாளி இறந்து, அதுவரை திருகு அசையாமல் இருந்தால், திருகு நிலைத்ததாகவே கணக்கு. படிவத்தில் டிக் போட்டேன். நல்ல சேதி என்று மனசுக்குள் நினைத்துவிட்டு, உடனே அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது மாதிரிக்காகப் பையில் வைத்திருந்த திருகு ஒன்று படிவத்தோடு சேர்ந்து கீழே விழுந்தது. ராஜம்மா குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“இது இன்னா சார்?”

“இதுதான் அப்பாவுக்கு வெச்சது. பல்லுக்கு அடியில, எலும்புக்குள்ள.”

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தகனம் முடிந்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பலில் இதே மாதிரி ஓர் ஆணி கிடைத்திருக்கிறது. கருகாமல், வளையாமல், மரை மரையாக. செத்தவர் உடம்புக்குள் ஆணி எப்படி வரும்? யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது. யார் என்று யோசித்ததில், ஏற்கெனவே படகு விஷயத்தில் முறைத்துக்கொண்டிருந்த சித்தப்பா வீடு அகப்பட்டது. ஆணியை எலுமிச்சம்பழத்தில் குத்தி, முகத்துவாரத்தில் விட்டுவிட்டு வந்து தலை முழுகினார்களாம். அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

“என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அவங்களைக் கூப்பிடல சார்.”

டைட்டானியம் சுடுகாட்டுத் தீக்கு உருகாது என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தின் ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட அதைப் பற்றி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ராஜம்மா விடவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த சித்தப்பா வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று, திருகைக் காட்டி, தாடை எலும்பு, மரை, ஒட்டுதல் என்று நான் ஒரு வகுப்பே எடுத்தேன். முதலாம் ஆண்டு மாணவர்கள் இவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. சித்தப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழுவதும் கேட்டுவிட்டு ராஜம்மாவைப் பார்த்து, “நான் வெக்கலன்னு அன்னிக்கே சொன்னேன்” என்றார். ராஜம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு ஒரு கோலி சோடா கொடுத்தார்கள். கல்லூரியில் பத்து வருடத்தில் நான் எழுதிய எதையும் இவ்வளவு கவனமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது பல்லும் முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் நல்ல மனநிலையில் இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ரயிலில் என் பெயருக்குப் பக்கத்தில் இணைப் பேராசிரியர் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரியாக மடக்கினால் அழகாக இருந்தது.

மிச்சம் கன்னியம்மா. மேல் முன்பல். படிவத்திலிருந்த எண்ணுக்கு எங்கள் அலுவலகத்தில் பதினோரு முறை போன் போட்டு, எடுக்கவில்லை என்று குறித்திருந்தார்கள். நான் போட்டபோது ஓர் இறால் வியாபாரி எடுத்தார். அந்த எண் அவருடையதாம். “கன்னியம்மாவா? பகல்ல ஏரியில தேடு சார்” என்று வைத்துவிட்டார்.

மஸ்தான் ஏரிக்கரையில் ஒரு திட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். தண்ணீரில் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, கழுத்துவரை மூழ்கி, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவிக்கொண்டு நகர்ந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கையில் அகப்படும் இறாலை அப்படியே எடுத்து, பனை ஓலையில் பின்னிய பறி என்கிற சின்னக் கூடையில் போடுகிறார்கள். அந்தப் பறி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வாயில் இருந்தது. பறியின் கயிற்றை முன்பற்களால் கவ்விப் பிடித்திருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை போய்ப் பார்த்தேன்.

ஒருத்தர் மட்டும் பறியை இடுப்பில் கட்டியிருந்தார். அவர்தான் கன்னியம்மா. மஸ்தான் குரல் கொடுத்ததும் எழுந்து கரைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். புடவையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்து, “உன்னைத் தெரியும் சார்” என்றார்.

“என்னையா?”

“உன் போட்டோ பேனர்ல பார்த்தேன். உங்க காலேஜ் வாசல்ல.”

பல் ஆட ஆரம்பித்ததும் அவரே கல்லூரிக்கு வந்திருக்கிறார். ரயில், பஸ், இன்னொரு பஸ். கார்டு எங்கே என்று கவுண்டரில் கேட்டார்கள். கார்டு தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் போய்விட்டது. கார்டு இல்லாமல் பார்க்கமாட்டோம், அதுவும் இன்றைக்கு எல்லா டாக்டரும் மாடியில் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

“மாடிலேந்து பிரியாணி வாசனை வந்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்து பார்த்தேன். அப்புறம் வந்துட்டேன்.”

அந்தப் பேனரும் பிரியாணியும் எனக்கு ஞாபகம் இருந்தன. அன்று மாடியில் பேசியவன் நான்தான். தலைப்பு: ‘தொடர் கண்காணிப்பில் விடுபடும் நோயாளிகளைக் குறைப்பது எப்படி?’ நல்ல கைதட்டல்.

வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கையுறையை மாட்டினேன். கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் அவரை உட்காரவைத்து, வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, பல்லைத் தொட்டேன். தொட்டதும் ஆடியது. மேலே இருக்கும் பல் மட்டும் ஆடினால் முறுக்கிவிடலாம். இது உள்ளே இருக்கும் திருகோடு சேர்ந்து ஆடியது. எலும்பு விட்டுக்கொடுத்துவிட்டது. இனி அதை எடுக்க வேண்டியதுதான்.

“கடினமானதைக் கடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தோமே” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“கடிக்கவேயில்ல சார். நீங்க சொன்னதுலேந்து ஒரு முறுக்கு கூடக் கடிச்சதில்ல. கவ்வினேன். அவ்வளவுதான்.”

“கவ்வினீங்களா?”

“பறியை. அதுக்குத்தான பல்லே கேட்டேன். படகு விளிம்புல விழுந்து பல்லு போனதும் கவ்வ முடியல. இடுப்புல கட்டினா தண்ணிக்குள்ள பறி வாயைத் தேடணும், தேடறதுக்குள்ள புடிச்சது பாதி துள்ளிப் போயிடுது. நீங்க பல்லு வெச்சப்புறம் நல்லா கவ்வினேன். ரொம்ப நாளு நல்லாத்தான் இருந்துச்சு.”

படிவத்தைப் புரட்டினேன். கடிக்க முடிகிறதா, மெல்ல முடிகிறதா, பேச முடிகிறதா, புன்னகைக்க முடிகிறதா. ஆரம்பத்தில் நடந்த பரிசோதனைகளில் எல்லாவற்றுக்கும் முடிகிறது என்று கன்னியம்மா உண்மையைத்தான் சொல்லியிருந்தார். கவ்வ முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கோடை முழுக்க நான் பிரித்துப் போட்ட அத்தனை தலைப்புகளிலும், வாயைக் கையாக வைத்து வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒன்றுகூடப் பார்த்த ஞாபகம் இல்லை. தேடியிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. நான் தேடவில்லை.

“இதை எடுத்துடணும்” என்றேன். “எடுத்துட்டு, ஆறினதும் வேற மாதிரி ஏதாவது பண்ணலாம். திங்கட்கிழமை வாங்க. கார்டு வேண்டாம், என் பேரைச் சொல்லுங்க.”

“வேற வெச்சா கவ்வலாமா?”

“தெரியலை.”

“படிச்சிருக்கியே சார்.”

“இதைப் பத்தி நான் படிச்சதில்லைம்மா.”

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் போன் பண்ணினார். தள்ளிப் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “அந்த அம்மா கிடைக்கலைன்னு எழுதச் சொல்லமாட்டேன், அது தப்பு” என்றார். “ஆனா ஆய்வுலேந்து விலகிக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. ஒப்புதல் படிவத்தோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க. விலகறேன்னு கையெழுத்துப் போட்டுட்டா, நேர்மையா எடுத்துடலாம். இப்படி ஒண்ணு உள்ள இருந்தா, எல்லாப் பல்லும் நல்லா இருக்குன்னு சொல்ற கட்டுரையோட அடிப்படையையே மாத்தி எழுதணும். மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்து, உங்க நேர்முகத்துக்குள்ள ஆகாது. யோசிச்சுக்கோங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. திரும்பி வந்து கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தேன். ‘இந்த ஆய்விலிருந்து தாங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் கூறத் தேவையில்லை. தங்கள் சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது.’ இத்தனை வருடத்தில் அந்தப் பத்தியை நான் இவ்வளவு கனிவாக வாசித்ததில்லை.

“விலகிக்கினா இன்னா எழுதுவ?”

“விலகிட்டாங்கன்னு எழுதுவோம்.”

“பல்லு ஆடறது?”

“அது வராது.”

“கவ்வினது?”

“அதுவும் வராது.”

“விலகலன்னா?”

“எல்லாம் வரும்” என்றேன். நேர்முகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரை வந்தது.

கன்னியம்மா ஏரியைப் பார்த்தார். கிட்டத்தில் அவருடைய நாத்தனார் பறியைக் கவ்விக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்று கண்ணாலேயே கேட்டார். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும்.

“எங்கள்ல பல்லு போனவ இன்னும் ரெண்டு பேரு கீறாளுங்க சார். என்னைப் பார்த்துட்டு, அடுத்த முகாமுக்கு வரலாம்னு பேசிகினு கீறாளுங்க. எதுக்குப் பல்லுன்னு அவளுங்களையாவது கேளுங்க. நீ எழுதிக்கோ. ஆடுதுன்னு எழுது. கவ்வறதுக்குத்தான் கேட்டேன்னு எழுது.”

எழுதினேன். கவ்வுதல் என்ற சொல்லை எங்கள் படிவத்தில் கையால் சேர்த்து, பறி என்றால் என்ன என்று நாலு வரி விளக்கி, பக்கத்தில் ஒரு கோட்டுப் படமும் போட்டேன். படம் கேவலமாக வந்தது. அதன் கீழே ‘முடிவு’ என்று இருந்தது. நிலைத்தது, தோல்வி என்று இரண்டே கட்டம். தோல்வியில் டிக் போட்டேன். ரயிலில் இரண்டு வரியாக மடக்கி வைத்திருந்த பதவியை மறுபடி நீட்டி, பழையபடி உதவிப் பேராசிரியர் ஆக்கிக்கொண்டேன்.

கையெழுத்துக்காகப் படிவத்தைக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். அவர் பேனாவை வாங்காமல், விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தோல்வியா?”

“ஆமாம்மா.”

“யாருக்கு?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வாங்கி, ஓரத்தில் இருந்த வெள்ளையில் ‘எங்களுக்கு’ என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு, பறியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்.